பிரம்மசக்தி மேல் விழுந்த காலை வெயில்

செந்தேரி பஸ் ஸ்டாண்டில் ஒரு வெள்ளிக்கிழமை காலை வேப்பமரம் ஒன்று வந்து நின்றது. முளைத்து, வளர்ந்து, ஆடு கடித்தது போக மிஞ்சி நின்றது என்றெல்லாம் இல்லை. பத்து மணிக்கு இல்லை, பத்தரைக்கு இருந்தது, அவ்வளவுதான். ஆட்டோக்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், பூ உதிர்கிறதே என்று ஒருத்தர் சொன்னார், அதற்குள் யார் வண்டியை நிழலில் விடுவது என்று சண்டை வந்துவிட்டதால் மரம் எப்படி வந்தது என்று கேட்க யாருக்கும் நேரம் இல்லாமல் போயிற்று. சாயங்காலம்தான் தெரிந்தது, நிழல் இருக்கிறதே தவிர அதில் குளிர்ச்சி இல்லை என்று. நிழலுக்குள் உட்கார்ந்து வேர்த்து வடிந்துகொண்டே, "பரவால்ல, கண்ணுக்காவது குளுகுளுன்னு இருக்குல்லா" என்று அவர்களே சமாதானமும் சொல்லிக்கொண்டார்கள். அந்த ஊர் அப்படி. சுற்றிலும் தேரி என்கிற செம்மணல் மேடு, காற்று அடித்தால் சோற்றிலும் மண், தலையிலும் மண், கொடியில் காயப்போட்ட வேட்டியிலும் மண், பச்சையாக எதை நீட்டினாலும் ஏன் எதற்கு என்று கேளாமல் வாங்கிக்கொள்ளும் ஊர்.

மரத்தைக் கொண்டுவந்தவள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிற பிரம்மசக்தி. கரண்ட் பில் கட்டுவது, ஜெராக்ஸ் எடுப்பது, பரீட்சை ரிசல்ட் பார்ப்பது, அது போக உள்ளே வரிசையாகக் கிடக்கிற கம்ப்யூட்டர்களில் பஸ் ஓட்டி விளையாட விடுவது, இவ்வளவும் நடக்கிற கடை. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, தம்பி லிங்கதுரையை வளர்த்துப் படிக்க வைத்து மஸ்கட்டுக்கு விமானம் ஏற்றிவிட்டது அந்தக் கடைதான். கடை என்றால் வேறு யார், அவள்தான். தனக்கென்று ஒரு கல்யாணம் காட்சி என்று யோசிக்கக்கூட அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை, வாய்த்தபோது யோசிக்கத் தெம்பு இல்லை.

மஸ்கட்டில் லிங்கதுரை வேலை முடிந்து அறைக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. அந்த பஸ் விளையாட்டுக்குள்ளே செந்தேரியையே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவிட்டான். இதற்கு மோட் என்று பேர். விளையாட்டை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேலே போடுகிற சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்: பஸ்ஸுக்கு நம்மூர் பஸ் பெயிண்ட், சுவருக்கு நம்மூர்ச் சுவர், உள்ளே இருக்கிற என்ஜின் என்னவோ பழைய என்ஜின்தான், பார்வைக்கு மட்டும் புதுசு. அவன் அனுப்பினான், அவள் கம்ப்யூட்டரில் ஏற்றினாள், திரையில் ஏறினது ஊர் மேலேயும் ஏறிவிட்டது. ஏன் ஏறிற்று என்று செந்தேரியில் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம், "எனக்கு என்ன போட்டுத் தருவ?" என்பதுதான்.

ஊர் என்று ஒரு ஃபைலும், அதோடு சேர்த்து அக்கா என்று இன்னொரு ஃபைலும் அவன் அனுப்பியிருந்தான். அக்கா ஃபைலில் கடைவாசலில் பிரம்மசக்தி நிற்பாள். நீலப் புடவை, தலை நிறைய பிச்சிப்பூ, தூங்கி எழுந்து முகம் கழுவின தெளிச்சி, உதட்டில் ஒரு சிரிப்பு, அவள் மேலே சாய்வாக விழுகிற காலை வெயில். எதை வைத்து அவளை அப்படிச் செய்தான் என்று கேட்டால், வெள்ளிக்கிழமைதோறும் போன் போட்டு, "நல்லா இருக்கியாக்கா?" என்று கேட்பான், அவளும் ஜெராக்ஸ் மெஷினில் சிக்கின தாளை இழுத்துக்கொண்டே, "நல்லா இருக்கேன்யா, எனக்கென்ன" என்பாள், அதை வைத்துத்தான் செய்தான். அவள் சொன்னது அவன் கையில் முகமாகி வந்தது.

அன்றிலிருந்து ஊருக்கு அவள் அந்த நீலப் புடவைதான், அந்தச் சிரிப்புதான். நைட்டி போட்டுக்கொண்டு குப்பை கொட்டப் போனாலும் பிச்சிப்பூ, கண்ணாடியில் பார்த்தாலும் பிச்சிப்பூ, வீடியோ காலில் தம்பி பார்த்தாலும் அதே காலை வெயில். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். நாற்பதைத் தாண்டின முகத்தில் சும்மா கிடைக்கிற அழகை யார் வேண்டாம் என்பார்கள்? கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றாள், தனக்குத் தானே சிரித்தும் கொண்டாள்.

பிறகுதான் ஊர் வந்து கடையில் விழுந்தது. ஒருத்தருக்கு வீட்டுச் சுவரில் மார்பிள் வேண்டும், ஒருத்தருக்குத் தகர ஷெட்டு காரை வீடாகத் தெரிய வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு மாடி வேண்டும், குளத்துக்குத் தண்ணீர் வேண்டும். அவள் போட்டோ எடுத்து, வெட்டி, நிறம் மாற்றி, அளவு பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றினாள். குளம் நிறைந்து அலை அடித்தது, கரையில் நின்று பார்த்துவிட்டுப் பெண்கள் வழக்கம்போல லாரித் தண்ணீருக்கு வரிசையில் போய் நின்றார்கள். ரோட்டுக்குத் தார் போட்டாயிற்று, பள்ளம் பார்வைக்கு மறைந்து போயிற்றே ஒழிய காலுக்கு மறையவில்லை, அதனால் பளபளக்கிற தார் ரோட்டில் பள்ளம் இருக்கும் இடமாகப் பார்த்து ஒதுங்கி ஒதுங்கி நடக்க ஊர் பழகிக்கொண்டது. வெளியூர்க்காரன்தான் விழுவான். ஒரு முறை படம் ஒன்று தொலைந்துபோய்க் கீழத்தெரு தங்கப்பழம் அண்ணாச்சி வீடு முழுக்கக் கண்ணைப் பறிக்கிற ரோஸ் நிறமாகிவிட்டது. படம் கிடைக்காத இடத்தில் விளையாட்டு ரோஸை அடித்துவிடும், அது அதன் வழக்கம். தங்கப்பழம் குதி குதியென்று குதித்தார், தெருவே கேட்க ஏசினார், அப்புறம் மகள் கல்யாணப் பத்திரிகையில் விலாசத்துக்கு, 'ரோஸ் வீடு, கீழத்தெரு' என்று அவரே அச்சடித்துக் கொடுத்தார்.

இவ்வளவையும் ஊர் தாங்கிக்கொண்டது. தாங்கிக்கொள்ள முடியாமல் போனது பத்திரகாளி கோயில் நுழைவு வளைவுதான்.

வளைவு நிற்பது பிரம்மசக்தி கடையை ஒட்டின முடுக்குச் சந்தில். கொடைத் திருவிழா வருகிறது, வளைவுக்குக் கீழத்தெரு மஞ்சள் கேட்டது, மேலத்தெரு ஊதா கேட்டது. மேலத்தெருவுக்கு வைகுண்டமணி, கீழத்தெருவுக்குத் தங்கப்பழம். இரண்டு பேரும் சம்பந்தக்காரர்கள்தான், ஆனால் கொடை வந்தால் மட்டும் பரம்பரைப் பகையாளி ஆகிவிடுவார்கள். இரண்டு பேரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எங்கள் ஃபைல்தான் முதலில் ஏற வேண்டும். செந்தேரியில் வேறு எப்படிக் கேட்பார்கள்? முதல் திருநீறு யாருக்கு, முதல் தேங்காய் யாருக்கு என்று கோர்ட்டு வரைக்கும் போன ஊர். முதலில் நிற்கிறவன்தான் மனுஷன், அடுத்தவன் எல்லாம் கூட்டம்.

"அண்ணாச்சி, இதுல அப்படிக் கிடையாது" என்று பிரம்மசக்தி சொல்ல வாய் எடுத்தாள்.

"எல்லாத்துலயும் அப்படித்தாம்மா" என்று தங்கப்பழம் மேஜையைத் தட்டினார். "காலம் காலமா கீழத்தெருதான் முதல்ல. நீ ஏத்து."

சரி, யாரிடம் போய் முட்டுவது? கீழத்தெரு மஞ்சளை முதலில் ஏற்றினாள், மேலத்தெரு ஊதாவை அடுத்து ஏற்றினாள். வளைவு சுத்த ஊதாவாக நின்றது. தங்கப்பழம் போட்ட சத்தத்தில் அடுத்த கடை சொர்ணபுஷ்பம் மதினி டீ வடிகட்டியோடு ஓடிவந்துவிட்டாள். பிரம்மசக்தி பொறுமையாகச் சொன்னாள், சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற கணக்குதான் இது, முதல் கோட்டிங் உள்ளே போய்விடும், கடைசியாக யார் அடிக்கிறார்களோ அவர்கள் நிறம்தான் கண்ணுக்குத் தெரியும், இரண்டு ஃபைல் ஒரே இடத்தைத் தொட்டால் கடைசியில் ஏறினதுதான் ஜெயிக்கும். தங்கப்பழம் வைகுண்டமணியைப் பார்த்தார். வைகுண்டமணி தங்கப்பழத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் ஒரே குரலில், "அப்ப நாங்கதான் கடைசி!" என்றார்கள்.

அதற்கப்புறம் செந்தேரியில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். கடைசி இடத்துக்கு அடிதடி. ஃபைலோடு நின்றதா, கோயிலுக்கும் போயிற்று. பூசாரி திருநீற்றுத் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார், முதல் ஆளாக ஒருத்தரும் கை நீட்ட மாட்டேன் என்கிறார்கள், "நீங்க எடுங்க மச்சான்", "இல்லல்ல, நீங்கதான் எடுக்கணும்" என்று ஒருத்தரை ஒருத்தர் முன்னால் தள்ளுகிறார்கள், மரியாதையால் இல்லை, வன்மத்தால். பந்தியில் முதல் வரிசை காலியாகக் கிடக்கும், சோறு ஆறும். பூசாரி வெறுத்துப்போய்த் தானே முதலில் பூசிக்கொண்டார்.

பிரம்மசக்திக்குத்தான் எலும்பு தேய்ந்தது. காலையில் ஒரு தெரு வந்து ஃபைலைக் கடைசிக்கு இறக்கச் சொல்லும், மத்தியானம் அடுத்த தெரு வந்து இறக்கச் சொல்லும், இறக்கி இறக்கி வளைவு ஒரு நிலையில் நிற்காமல் மஞ்சளும் ஊதாவும் மாறி மாறி மினுங்க ஆரம்பித்தது. பார்த்தவர்களுக்குத் தலைவலி வந்தது, ஒத்திகைக்கு வந்த வில்லுப்பாட்டுக்காரருக்குத் தாளம் தப்பிற்று. அதையும் சரி பண்ணு என்று அவளிடமே வந்தார்கள். சரி பண்ணு, சரி பண்ணு, சரி பண்ணு. இடுப்பு நோவு, முழங்கால் நோவு, உட்கார்ந்த இடத்தில் கண் சொருகும், படுத்தால் தூக்கம் வராது, இரவெல்லாம் கண்ணுக்குள் மஞ்சளும் ஊதாவும் ஓடும்.

அதைச் சொல்லாமலும் இல்லை. "எனக்கு முடியல மதினி" என்று சொர்ணபுஷ்பத்திடம் சொன்னாள்.

சொர்ணபுஷ்பம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "போடி, கல்யாணப் பொண்ணு மாதிரி ஜொலிக்க, உனக்கா முடியல? நானெல்லாம் எங்க போய்ச் சொல்லுதது?" என்று சிரித்துவிட்டு ஒரு டீயை வைத்துவிட்டுப் போனாள்.

காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றாள். நர்ஸ் ஏறிட்டுப் பார்த்து, "சீட்டு யாருக்கும்மா, கூட வந்த நோயாளி எங்க?" என்றாள். நோயாளி நான்தான் என்றால் நம்பவில்லை, இருமுகிற ஆட்களை எல்லாம் முன்னால் விட்டு அவளைக் கடைசியில் கூப்பிட்டார்கள். கடைசி இடம் அவளுக்கு மட்டும் சண்டை போடாமல் கிடைத்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். முகத்தைத் துடைத்த முந்தானை கைக்கு ஈரமாக இருந்தது, கண்ணுக்கு நீலமாக, உலர்ந்து, மடிப்புக் கலையாமல் இருந்தது. கண்ணாடியில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அழுகிறவளைப் பார்த்து இப்படியா சிரிப்பாய் என்று அவளுக்கு அந்த முகத்தின் மேலேயே கோபம் வந்தது. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், "ஏம்மா இப்படி இருக்க?" என்று கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான், மருந்துகூட வேண்டாம்.

கொடைக்கு முந்தின வெள்ளிக்கிழமை இரண்டு தெருவும் சேர்ந்து கடைக்குள் வந்து நின்றது. இன்றைக்கு ஒரு முடிவு தெரியாமல் போக மாட்டோம் என்று தங்கப்பழம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார், வைகுண்டமணி அதற்கும் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். காய்ச்சல் இறங்காத உடம்போடு பிரம்மசக்தி, இந்த வேலையில் எல்லாரும் கடைசியில் செய்கிற காரியத்தைச் செய்தாள்: ஊருக்கு மேலே போட்டதை எல்லாம் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் வெளியே போய்ப் பார்ப்பது. மார்பிள் போயிற்று, மாடி போயிற்று, குளம் வற்றிற்று. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. அவள் ஏற்றுவாள், வாசலில் நிற்கிற சொர்ணபுஷ்பம் எட்டிப் பார்த்து, "வந்துட்டு, மினுங்கல!" என்று கத்துவாள், அடுத்தது. ரோஸ் வீடு வந்தது, அதை இனி மாற்றக் கூடாது என்று தங்கப்பழம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். மஞ்சளை ஏற்றினாள், மினுங்கிற்று. மஞ்சளைக் கழற்றிவிட்டு ஊதாவை ஏற்றினாள், அப்போதும் மினுங்கிற்று.

"ரெண்டும் சேந்து இல்லையே, ஒத்தைக்கு ஒத்தையாத்தான இருக்கு" என்றார் வைகுண்டமணி. "பிறகு எதுகூடம்மா முட்டுது?"

அவளுக்குத் தெரியும். கொஞ்ச நாளாகவே தெரியும், பார்க்காமல் தள்ளிக்கொண்டு வந்தாள். வரிசையின் கடைசியில், எல்லாவற்றுக்கும் கீழே, அக்கா. கொடை வேலை தொடங்கின பிறகு லிங்கதுரை அந்த ஃபைலைத் திருத்தி, ஒரு பூட்டுப் போட்டுத் திரும்ப அனுப்பியிருந்தான், வேறு எது ஏறினாலும் அதுதான் கடைசியில் போய் நிற்கும், அக்கா மேலே மண்ணோ தூசியோ வேறு எதுவுமோ படியக் கூடாது என்று அவனுக்கு ஆசை. அவன் அவள் மேலே விட்ட காலை வெயில் கடைவாசலோடு நிற்காமல் முடுக்குக்குள் நீண்டு வளைவின் மேலேயும் விழுந்திருந்தது. வளைவுக்கு யார் எந்த நிறத்தைக் கொடுத்தாலும் அந்த வெயிலோடு முட்டத்தான் செய்யும்.

மெதுவாக அதைச் சொன்னாள்.

"அப்ப இவ்வளவு நாளும் கடைசியில நின்னது நீதானா?" என்றார் தங்கப்பழம்.

"அதை எடுத்துரு" என்றார் வைகுண்டமணி. கொடைக் காலத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தங்கப்பழம் அவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

மவுஸ் மேலே வைத்த கை நகரவில்லை. தம்பி கொடுத்த முகம் அது. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, பூவுக்குப் பூ இதழ் வைத்து அவன் செய்தது, அதைக் கழற்றுவது அவன் கையைத் தட்டிவிடுகிற மாதிரி இருந்தது. அதோடு ஒரு பயமும் இருந்தது, உள்ளே இப்போது என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது, பார்த்து மாசக்கணக்காகிறது. இவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, சீ இவ்வளவுதானா என்று நினைத்தால்? நினைக்கட்டும். சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கிறது. நான் ஒரு நாள்கூட அந்தச் சிரிப்பைச் சிரிக்கவில்லை, ஆனால் வலி மட்டும் எனக்கு. கழற்றினாள்.

பிச்சிப்பூ போயிற்று. நீலம் போயிற்று. வெயில் போய்க் கடைக்குள் டியூப் லைட் வெளிச்சம் மட்டும் இருந்தது.

தங்கப்பழம் நாற்காலியை விட்டு எழுந்து, அவள் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தார், கடைசிக் கம்ப்யூட்டர் வரைக்கும் பார்த்தார். "பிரம்மசக்தியை எங்க? இப்ப இங்கனதான இருந்தா?"

"நான்தான் அண்ணாச்சி."

குரல் அவள் குரல்தான். அதனால்தான் அவர்கள் பார்த்தார்கள். முன்நெற்றி முழுக்க வெள்ளை முடி, கண்ணுக்குக் கீழே கன்றிப்போன கறுப்பு, வெடித்த உதடு, சாயம் போன நைட்டி மேலே ஒரு துண்டு, கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றது. தூங்காத ஒரு மனுஷியின் முகம், அவ்வளவுதான், பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் பார்த்தவர்கள் அத்தனை பேரும் ஏதோ திருடிப் பிடிபட்டவர்கள் மாதிரி நின்றார்கள். சொர்ணபுஷ்பம் வாசலிலிருந்து வந்து அவள் நெற்றியில் புறங்கையை வைத்தாள், வைத்த வேகத்தில் எடுத்தாள்.

"கொதிக்குதே! ஏட்டி, எத்தனை நாளா இப்படி இருக்க?"

பிரம்மசக்திக்குக் கண்ணீர் வந்தது. வருவது இந்த முறை எல்லாருக்கும் தெரிந்தது.

வெளியே வளைவு மினுங்காமல் ஒரே நிறமாக நின்றுகொண்டிருந்தது. ஊதாதான் நிற்கிறது என்று சண்டை போட ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அப்போது போன் அடித்தது. வெள்ளிக்கிழமை அல்லவா, மஸ்கட்டில் லீவு. அவள் எடுத்து மேஜை மேலே ஸ்பீக்கரில் வைத்தாள், காதுக்குத் தூக்கிப் பிடிக்கக் கையில் தெம்பு இல்லை.

"யக்கா, நல்லா இருக்கியாக்கா?"

வாய் பழக்கத்துக்கு 'ந' வரைக்கும் வந்துவிட்டது. அங்கேயே நிறுத்தினாள். கடை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இல்லய்யா" என்றாள். "நல்லா இல்ல. ரொம்ப அசதியா இருக்கு. ரொம்ப நாளா."

சொல்ல வேண்டியது அவ்வளவுதான் இருந்தது. கீபோர்டைத் தள்ளிவிட்டு மேஜையில் கையை மடித்து அதன் மேலே தலையைச் சாய்த்தாள், சாய்த்தவள் சாய்த்தபடியே தூங்கிப் போனாள். வைகுண்டமணி எட்டி டியூப் லைட்டை அணைத்தார். சொர்ணபுஷ்பம் கஞ்சி வைக்கவும் டாக்டரைக் கூட்டிவரவும் சத்தம் கேட்காதபடி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

"யக்கா? யக்கா, லைன்ல இருக்கியா? யக்கா!" என்று போன் கத்தியது.

பிறந்ததிலிருந்து சத்தம் போட்டே பேசிப் பழகின தங்கப்பழம் குனிந்து, போனை இரண்டு கையாலும் பொத்தி எடுத்து, வாயருகே கொண்டுபோனார்.

"மெதுவா பேசு தம்பி" என்றார், பக்கத்தில் நின்ற வைகுண்டமணிக்கே காதில் விழாத குரலில். "அக்கா ஒறங்குதா."